ஒன்பதாவது கேள்வி

எங்கள் ஊரில் யாரும் யாரையும் “உனக்கு எப்படி இருந்தது?” என்று கேட்பதில்லை. ஹாடக் மீனைப் பொரித்து வைத்தால் தின்ன வேண்டும். தட்டு காலியானால் நன்றாக இருந்தது என்று அர்த்தம். இங்கிலாந்துக் கடலோரத்து இந்த கிரிம்ஸ்பியில் பிறந்து, அதே மீன் வாடையில் வளர்ந்த லோர்னா பிளான்சர்டு மட்டும் அந்தக் கேள்வியையே பிழைப்பாக்கிக்கொண்டாள்.

நாடக அரங்கம், அருங்காட்சியகம், பாட்டுக்குழு என்று யார் கூப்பிட்டாலும் போவாள். நிலையான வேலை கிடையாது. பார்க்க வந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், போகும்போது மனதில் என்ன கொண்டுபோனார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை, அவர்களை வரவைக்க என்ன வழி என்று கேட்டுக் கேட்டு எழுதி அறிக்கை கொடுப்பாள். மானியம் தருகிறவர்கள் நாடகத்தைப் பார்க்க வருவதில்லை. லோர்னாவின் அறிக்கையைத்தான் பார்ப்பார்கள்.

நான் நோரீன். வலைக்கொட்டகை அரங்கத்தில் டிக்கெட் ஜன்னல் என்னுடையது. ஒரு காலத்தில் மீன்வலை பின்னிய கட்டடம் என்பதால் அந்தப் பெயர். லோர்னாவும் நானும் ஒரே பள்ளிக்கூடம், அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. நாடகம் என்றால் என்னவென்றே தெரியாத ஊர்க்காரர்களை உள்ளே இழுப்பதற்காக எங்கள் அரங்கம் வியாழக்கிழமை மதியங்களில் ஒரு காட்சி நடத்திக்கொண்டிருந்தது. பாதி விலை, கூடவே தேநீரும் ஒரு துண்டு பிளம் ரொட்டியும். மூன்று வருட மானியம் அந்த வசந்தத்தோடு முடிகிறது. மேலும் கிடைக்குமா என்பது லோர்னாவின் அறிக்கையில் இருந்தது. அதனால் என் ஜன்னலும் அதில்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆற்றுப்பக்கமிருந்து காற்று கதவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது லோர்னா உள்ளே வந்தாள். தலைமுடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சரிசெய்யவில்லை.

“நோரீன், எங்க தெருவுலேர்ந்து வியாழக்கிழமை யாருடி வர்றது?”

“ஏன், என்ன விஷயம்?”

“வரைபடத்துல எங்க தெருமேலயே ஒரு புள்ளி விழுந்திருக்கு.”

பார்வையாளர்கள் போகும்போது நிரப்பிப் போடும் கார்டில் எட்டுக் கேள்விகள். பெயர் கேட்பதில்லை, பின்கோடு மட்டும் கேட்பாள். எங்கள் நாட்டில் ஒரு பின்கோடு என்றால் பதினைந்து வீடு, அவ்வளவுதான். ஒவ்வொரு கார்டுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, எந்தப் பக்கத்து ஜனங்கள் வருகிறார்கள், எந்தப் பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. இருபது வருடத்தில் அவள் தெருவில் புள்ளி விழுந்ததே இல்லை. அதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

“நல்லதுதானே. தெருவுக்கே விமோசனம்” என்றேன்.

“யாருன்னு சொல்லு.”

நான் தலைக்கு மேலே கையைக் காட்டினேன். என் ஜன்னலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. டிக்கெட் வாங்கியவர் பெயரைக் கணக்கெடுப்பவருக்குச் சொல்லக் கூடாது. கார்டைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க யாரும் முயலக் கூடாது. எழுதியது லோர்னா. எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியதும் அவள்தான்.

அவள் அந்தக் காகிதத்தை முதல் தடவை பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

எனக்குத் தெரியும். ஐந்து வாரமாக ஒவ்வொரு வியாழனும் இரண்டு டிக்கெட்டை அவள் புருஷன் நெவிலுக்கு நான்தான் கிழித்துக் கொடுத்தேன். ஒன்று அவனுக்கு, ஒன்று எதிர்வீட்டு க்ளெனிஸுக்கு. அவள் கார்டு நிரப்புவதில்லை; அவனும் போன வாரம்தான் முதல்முதலாக நிரப்பினான். முதல் நாளே தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான்: “நோரீன், வீட்ல இது தெரிய வேணாம்மா.” குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தேழு வருடம் இயந்திரம் பழுது பார்த்த மனுஷன். அதிகம் பேச மாட்டான். சரி என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே லோர்னா என் வீட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். புகைபோட்ட ஹாடக்கைப் பாலில் வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஒரு தட்டு வைத்தேன். தொடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

“அந்த 7-ஐப் பாரு.”

பின்கோட்டில் இருந்த 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு. குளிர்பதனக் கிடங்கில் சீட்டெழுதும்போது 1-ஐயும் 7-ஐயும் குழப்பிக்கொள்ளாமலிருக்க அப்படிப் போடச் சொல்வார்கள். என் அப்பாவும் அப்படித்தான் போடுவார்.

“ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான் போடறான்” என்றேன்.

“எங்க தெருவுல ஒருத்தருதான் போடறாரு. வியாழக்கிழமைன்னா காய்த்தோட்டத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புவாரு. சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு. லீக்ஸ் பிடுங்கறதுக்கு எவண்டி இஸ்திரி போட்டுக்கிட்டுப் போவான்? அத நான் கவனிக்கவே இல்ல பாரு. ஊர் முழுக்கக் கவனிக்கறது என் பொழப்பு.”

“சரி, வந்தாரு. நாடகம் பாத்தாரு. சாராயக் கடைக்கா போனாரு?”

“மூணாவது கேள்விய படி.”

‘யாருடன் வந்தீர்கள்? ஒன்றை மட்டும் குறிக்கவும்.’ தனியாக, மனைவி அல்லது கணவர், குடும்பம், நண்பர், குழு என்று ஐந்து கட்டம். நண்பர் கட்டத்தில் பென்சில் அழுத்தி டிக் விழுந்திருந்தது.

“ஃப்ரெண்டாம்” என்றாள். “அறுபத்தொரு வயசுல ஃப்ரெண்டு.”

“கட்டம் போட்டது நீதானே?”

“கிண்டல் பண்ணாத நோரீன். எனக்கு வயிறு எரியுது.”

நிஜமாகவே எரிந்தது. முகத்தில் தெரிந்தது. எனக்கும் கொஞ்சம் எரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். சண்டைபோட்டுக்கொள்ளக்கூட வீட்டில் ஆள் இல்லாமல் ஒன்பது வருடமாகப் பாலில் மீன் வேகவைக்கிறவள் நான். பொறாமைப்பட அவளுக்கு ஒரு மனுஷன் இருக்கிறானே என்று நினைத்தேன்.

“நேரா கேட்டுடேன். யாரோட போனீங்கன்னு.”

“எப்படிக் கேக்கறது? கார்டுல பேரில்ல. அதப் பாத்து ஆளக் கண்டுபிடிச்சேன்னு சொன்னா நான் இத்தனை வருஷமா ஜனங்களுக்குக் குடுத்த வாக்கு என்னாகறது? நீங்க எழுதறது யாரு எழுதினதுன்னு நான் பாக்க மாட்டேன்னு மேடையில ஏறியே சொல்லியிருக்கேன்.”

“இப்ப பாத்துட்டியே.”

“பாத்துட்டேன். சொல்லக் கூடாது.”

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் வீட்டுக்குப் போய்த் தட்டை விட்டெறிந்து கேட்டிருப்பாள். இவள் தன் விதியைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளுக்குள் வெந்தாள்.

“எங்கூட கடைசியா எப்ப வந்தாரு தெரியுமா? பதினோரு வருஷம் ஆச்சு. பக்கத்து லிங்கன் ஊர்ல ஒரு நாடகம். பாதியில அழுதாரு. நெவில் அழுது நான் பாத்ததே அன்னிக்குத்தான். கார்ல வரும்போது கேட்டேன், எந்த இடத்துல அழுதீங்க, ஏன், பத்துக்கு எத்தனை குடுப்பீங்கன்னு. நோட்டு கையில இருந்துச்சு, எழுதிக்கிட்டேன். அதுக்கப்புறம் கூப்பிட்டா முழங்கால் வலிக்குதுன்னுவாரு.”

அதைச் சொன்னபோதும் அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சொல்லவில்லை. மீன் ஆறிப்போயிருந்தது. அவள் வீட்டிலும் இதே கதிதான். சாப்பாட்டு மேசை முழுக்கக் கார்டுகள் பரப்பிக் கிடப்பதால் புருஷனும் பெண்டாட்டியும் பன்னிரண்டு வருடமாகத் தட்டை மடியில் வைத்துத் தொலைக்காட்சியைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள்.

“ஒரு வழி இருக்கு” என்றாள் லோர்னா. குரல் மாறியிருந்தது. வேலைக் குரல். “இந்த வியாழக்கிழமைக் கார்டுல ஒரு கேள்வி சேக்கறேன்.”

“என்னடி சொல்றே?”

“எல்லாருக்கும்தான் கேக்கறேன். ஒரு ஆளக் கேக்கல. விதி மீறல.”

இதைத்தான் நான் அவளிடம் கடைசிவரை மன்னிக்கவில்லை, அப்புறம் யோசித்தால் சிரிப்பும் வருகிறது. புருஷனிடம் கேட்க வேண்டியதை ஊர் முழுக்க அச்சடித்துக் கேட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எட்டுக் கேள்விக்குக் கீழே ஒன்பதாவது வந்தது: ‘இங்கே வருவதை வீட்டில் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால், ஏன்?’ எங்கள் அரங்க இயக்குநர் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு ஆழமான கேள்வியைத் தான் பார்த்ததே இல்லை என்றார். லோர்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

வியாழன் மதியம் மழை. மழையென்றால் எங்களுக்குக் கூட்டம். வெளியே நடக்க முடியாதவர்கள் எல்லாம் உள்ளே வருவார்கள். லோர்னா பதினோரு மணிக்கே வந்து விளக்குக்காரர்கள் ஏறும் மாடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். கேட்டால், கவனிப்புத் தாள் எழுதுகிறாளாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தில் எத்தனை பேர் சிரிக்கிறார்கள், எத்தனை பேர் முன்னால் சாய்கிறார்கள், எத்தனை பேர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்று கோடு போடும் தாள். அதுவும் அவள் தொழில்தான்.

ஒன்றேகாலுக்கு நெவில் வந்தான். க்ளெனிஸின் ஈரக் கோட்டு அவன் கையில் தொங்கியது. க்ளெனிஸ் எலும்பும் தோலுமான பெண். இரண்டு வருடத்துக்கு முன் புருஷனைப் பறிகொடுத்தவள். எங்கள் விளம்பரத் துண்டுச்சீட்டைத் தெருவில் வீடுவீடாகப் போட்டபோது அவள் கையிலும் ஒன்று கிடைத்தது. தனியாகப் போகப் பயந்து, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்க வந்த நெவிலிடம் துணைக்கு வருகிறாயா என்று கேட்டாள். கதை அவ்வளவுதான். க்ளெனிஸ் வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் இருக்கும்.

“வழக்கமான இடந்தானம்மா?” என்றான் நெவில்.

“எட்டாவது வரிசை, ஓரம். முழங்கால் எப்படி இருக்கு?”

“முழங்காலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு.”

அன்றைய நாடகத்தில் இரண்டே பேர். அம்மா செத்தபிறகு அண்ணனும் தங்கையும் வீட்டுச் சாமான்களைப் பங்குபோடுகிறார்கள். ஒரு தேநீர்க் குடுவைக்காகச் சண்டை. காட்சி ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து லோர்னாவுக்குத் தேநீர் கொண்டுபோனேன். இரும்பு ஏணியில் கோப்பையோடு ஏறுவது என் வயதுக்கு வேலையா? ஆனாலும் பார்க்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

அவள் மேடைப் பக்கமே பார்க்கவில்லை.

“பாரு, தோள்ல கை வைக்கிறா” என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

“மிட்டாய் குடுக்கறாடி.”

“எதிர்வீட்டுக்காரி. தினம் எனக்குக் கையாட்டறா. குப்பைத்தொட்டிய வெளிய வைக்கும்போது ‘காத்து அடிக்குதுல்ல’ன்னு கேக்கறா. ஒரு வார்த்தை சொன்னாளா?”

“நீ கேட்டியா?”

“சிரிக்கறாரு பாரு. அந்தச் சிரிப்பு எங்க இருந்துச்சு இத்தனை வருஷமா? அவளுக்கு என்ன தெரியும் நாடகத்தப் பத்தி? நான் இருபது வருஷமா இதுல கிடக்கேன்.”

கீழே நெவில் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு தங்கை அந்தக் குடுவையைத் துணியில் சுற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போகும் இடம் வந்தது. நெவில் தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்தான். க்ளெனிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மேடைப் பக்கமே வைத்துக்கொண்டு மிட்டாய்ப் பையை மட்டும் அவன் பக்கம் நீட்டினாள். லோர்னாவின் பென்சில் தாளில் நின்றுவிட்டது.

காட்சி முடிந்ததும் ஜனங்கள் முன்கூடத்தில் நின்று கார்டு நிரப்பினார்கள். நெவில் கார்டைப் படித்துக்கொண்டே போனவன் கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டான். இரண்டு தடவை படித்தான். தலையைத் தூக்கிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். பிறகு என் ஜன்னலுக்கு வந்தான்.

“இந்தக் கேள்வி புதுசா?”

“இந்த வாரந்தான் சேத்தாங்க.”

அவன் என்னைப் பார்த்தான். நான் பிளம் ரொட்டித் தட்டைத் துடைத்தேன்.

“வேற பென்சில் இருந்தா குடும்மா. இது மொனை போயிடுச்சு” என்றான்.

கொடுத்தேன். ஓரமாகப் போய் உட்கார்ந்து எழுதினான். க்ளெனிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு பொறுமையாக நின்றாள். எழுதி முடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு அவளோடு மழையில் இறங்கிப் போனான்.

கூடம் காலியானதும் லோர்னா கீழே வந்தாள். பெட்டியைக் கவிழ்த்தாள். எண்பத்து மூன்று கார்டு. குறுக்குக்கோடு போட்ட 7-ஐத் தேடி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தேடும்போது மற்றவையும் கண்ணில் பட்டன. அவளால் படிக்காமல் விட முடியாது.

“இதக் கேளு. ‘சொல்லவில்லை. சொல்ல யாருமில்லை.’” அடுத்ததைப் புரட்டினாள். “‘சொன்னேன். மகன், நீயா என்று சிரித்தான்.’ இது, ‘சொல்லவில்லை. இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும்.’” கை மெதுவானது. “இத்தனை பேரு சொல்லலையா?”

“நீ கேட்டே, சொன்னாங்க.”

அப்புறம் அந்தக் கார்டு வந்தது. அவள் சத்தமாகப் படிக்கவில்லை. படித்துவிட்டு என் பக்கம் தள்ளினாள். சின்னச் சின்ன எழுத்தாக, கட்டம் தாண்டி ஓரம் முழுக்க எழுதியிருந்தான்.

‘சொல்லவில்லை. சொன்னால் அவளும் வருவாள். வந்தால் மேடையைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். எங்கே அழுதேன், பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். எனக்கு நம்பர் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் கேட்பதில்லை, அதனால் அவரோடு வருகிறேன். பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று கேட்டிருந்தால் வேறு பெயர் எழுதியிருப்பேன்.’

லோர்னா மடியிலிருந்த கவனிப்புத் தாளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு மணி நேரத் தாள். நூற்றுச்சொச்சம் பேர் உட்கார்ந்திருந்த கூடம். தாளில் இருந்தது ஒரே ஆள். சிரித்தது ஒன்பது, முன்னால் சாய்ந்தது ஆறு, முகம் துடைத்தது இரண்டு, க்ளெனிஸ் பக்கம் திரும்பியது நான்கு. மேடையில் என்ன நடந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

“நாடகம் எதப் பத்திடி?” என்று என்னைக் கேட்டாள்.

“ஒரு தேநீர்க் குடுவையப் பத்தி.”

அவள் அழுதாள். எந்த இடத்தில், ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வந்து ஜன்னலில் நின்றாள். டிக்கெட் கேட்டாள். இருபது வருடத்தில் அவள் டிக்கெட் வாங்கி நான் பார்த்ததில்லை. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவள்.

“எட்டாவது வரிசையா? பக்கத்துல ஒரு இடம் இருக்கு” என்றேன்.

“வேணாம். ஏழாவது குடு. அவருக்கு நேர் முன்னால.”

“முன்னாலயா? அங்கிருந்து அவரைப் பாக்க முடியாதே.”

“அதுக்குத்தான்.”

“க்ளெனிஸ் பக்கத்துல உக்காந்திருப்பா.”

“தெரியும்” என்றாள். “இன்னும் எரியத்தான் செய்யுது. எரிஞ்சுட்டுப் போகட்டும். டிக்கெட்ட குடு.”

மறுநாள் நெவிலும் க்ளெனிஸும் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டாள். நோட்டு இல்லை. கைப்பையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அக்கார்டியன் வாசிக்கும் ஒருவர், பழைய துறைமுகக் கதைகள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். நெவில் வரிசையில் நுழைந்து முன்னால் இருந்த தலையைப் பார்த்ததும் அப்படியே நின்றான். முப்பத்தாறு வருடம் பார்த்த பின்னந்தலை. போய்விடுவானோ என்று எனக்குப் பக்கென்றது. பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள். உட்கார்ந்தான்.

பாதி நிகழ்ச்சிவரை அவன் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டிருந்தான். லோர்னாவின் கழுத்து விறைத்திருந்தது; திரும்பத்தான் திரும்பவில்லை. பிறகு ஒரு கப்பல் சமையல்காரன் கதை வந்தது, மாலுமியின் ஒரே காலுறையைக் கஞ்சியில் போட்டு வேகவைத்தவன். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் லோர்னா முதலில் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் சிரிப்பாளே, மூக்கால், அந்தச் சிரிப்பு. அவளுக்குப் பின்னாலிருந்து நெவில் சிரித்தான். இரண்டு பேரும் நிறுத்த முடியாமல் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து சிரித்தார்கள். க்ளெனிஸ் லோர்னாவின் தோளுக்கு மேலே மிட்டாய்ப் பையை நீட்டினாள். லோர்னா கொஞ்ச நேரம் அந்தப் பையையே பார்த்தாள். பிறகு ஒன்று எடுத்துக்கொண்டாள்.

வெளியே போகும்போது மூன்று பேரும் ஒன்றாகப் போகவில்லை. க்ளெனிஸும் நெவிலும் முன்னால் போனார்கள். லோர்னா கைப்பையை வாங்கிக்கொண்டு, கார்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் தனியாகப் போனாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் போன் வந்தது.

“நோரீன், நாப்பத்தொண்ணாவது கார்டு.”

“எனக்கு எதுக்குச் சொல்றே? நான் கேக்கக் கூடாது.”

“மூணாவது கேள்வியில ரெண்டு டிக் போட்டிருக்கு. நண்பர்ல ஒண்ணு, மனைவியில ஒண்ணு. ஒன்றை மட்டும் குறிக்கவும்னு அவ்வளவு பெருசா அச்சடிச்சிருக்கேன். ரெண்டு போட்டா செல்லாத கார்டு. கணக்குல சேக்க முடியாது.”

“செல்லாத கார்ட என்ன பண்ணுவே?”

“வழக்கமா கிழிச்சுப் போட்டுடுவேன்.”

அவள் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. நெவில் எங்கேயோ இருந்து, உப்பு எங்கே வைத்தாய், மேசையில் காணோமே என்று கேட்டான்.

“கிழிச்சிட்டியா?” என்றேன்.

“பைத்தியமா உனக்கு?” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.